சுருட்டா, பீடியா, சுற்றின சிகரெட்டா?

மெல்லிய தாளில் புகையிலையை வைத்துத் தானே சுற்றிப் பிடிப்பதை இங்கிலாந்தில் ‘ரோல்-அப்’ என்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் ‘ரோலி’. கதை மொழிபெயர்க்கும்போது இதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

முதலில் கைக்கு வருவது ‘சுருட்டு’. ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். ஆனால் சுருட்டில் தாள் ஏது? உள்ளேயும் புகையிலை, மேலேயும் புகையிலை. லண்டன் மாணவன் சுருட்டுப் பிடித்தான் என்று எழுதினால், முனியாண்டிக்குப் படைக்கும் தடித்த சுருட்டுதான் வாசகர் கண்ணில் நிற்கும்.

‘பீடி’ இன்னும் நெருங்கி வருகிறது: ஒல்லி, மலிவு, கையால் சுற்றியது. ஆனால் சுற்றுவது யார்? முக்கூடல், கடையநல்லூர்ப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். மடியில் சுளகு. நனைத்துப் பதமாக்கிய பீடி இலையை அளவாகக் கத்தரித்து, தூளைப் பரப்பி, விரலால் ஒரே சுற்று. நுனியை மடக்கி நூலைக் கட்டியதும் கை அடுத்த இலைக்குப் போய்விடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பெண்கள் பீடி குடிப்பவர்கள் இல்லை, ஆனாலும் புகையிலைத் தூசி நாள் முழுக்க அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களைச் சேர்த்தே பேசியது. இரண்டிலும் சுற்றுவது ஒருவர், புகைப்பது இன்னொருவர். ரோல்-அப்பில் இரண்டும் ஒரே ஆள். கதைக்கு அதுதானே முக்கியம்? பொட்டலச் சிகரெட் வாங்கக் காசு போதாதவன், அல்லது பேச்சுக்கு நடுவே கையை எதிலாவது வைத்திருக்க வேண்டியவன்.

‘கைச்சிகரெட்’ என்று புதிதாக ஆக்கலாமா? எனக்கு ஒப்பவில்லை. கைமுறுக்கு, கைத்தறி, கைக்குத்தல் அரிசி என்று தமிழில் ‘கை’ சேர்ந்தாலே நல்லது என்ற வாசம் வந்துவிடும். கையால் சுற்றினாலும் புகை புகைதான், கெடுதல் குறைவதில்லை.

சரி, வினை? ‘சுருட்டினான்’ என்றால் எதையோ திருடிவிட்டான். ‘உருட்டினான்’ என்றால் இன்றைய பேச்சில் பொய் சொல்கிறான். நெல்லைப் பக்கம் “பீடி சுத்துறோம்” என்பார்களே, அந்த ‘சுற்று’தான் என் தேர்வு: சுற்றின சிகரெட். முதல் தடவை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதினால் போதும்: ‘தாளில் புகையிலையைப் பரப்பிச் சுற்றி, ஓரத்துப் பசையை நாக்கால் நனைத்து ஒட்டினான்.’ அடிக்குறிப்பே வேண்டாம்.