41,500 ரூபாய் வாங்கியவர்கள் சோதித்துப் பார்க்காத எர்த் ஒயர்

கழற்றிய உதிரிகளைக் கையில் வாங்காமல் பழைய காரை எந்தப் பணிமனையிலிருந்தும் ஓட்டி வராதீர்கள். முழுப் பதிவையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதையாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது பிரீமியர் பத்மினி, 1984ஆம் ஆண்டு வண்டி. அப்பா அதை 1989இல் இன்னொருவரிடமிருந்து வாங்கினார். என்னைப் பள்ளியில் கொண்டுவிட்டதும், அக்காவைத் திருமணம் முடித்து அனுப்பிவைத்ததும் அந்த வண்டிதான். அப்பாவுக்கு இப்போது 78 வயது. வாங்கிய நாள் முதல் அதற்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வருகிறார்: தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், விலை. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற கோடையில் வண்டிக்கு ஒரு தொல்லை தொடங்கியது. காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் குமிழ்) இழுத்து ஒரு முறை செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) அடித்தால் எஞ்சின் உடனே பிடித்துக்கொள்ளும். பதினைந்து கிலோமீட்டர் ஓடி, கடை வாசலில் அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால்தான் வம்பு. செல்ஃப் மோட்டார் முக்கி முனகி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் எழும். பேட்டரி புதிது. அணைத்த நிலையில் 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழுச் சார்ஜ்.

அப்பாவின் வழக்கமான மெக்கானிக் தொழிலை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அதனால் பழைய கார்களுக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பணிமனைக்கு எடுத்துப் போனேன். சென்னையின் தென்பகுதியில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. உள்ளே இரண்டு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்கள், ஒரு பழைய அம்பாசிடர், சுவரெல்லாம் படங்கள். பார்த்தவுடன் நம்பிக்கை வந்தது. நீல நோட்டையும் அவர்களிடமே கொடுத்தேன். பொறுப்பாளர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். “சார், எல்லாமே தேய்ந்துவிட்டது. ஒரே தடவையில் முழுதாகச் செய்துவிடலாம், ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை” என்றார். செல்ஃபை அடிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. மீட்டர் எதையும் கையில் எடுக்கவில்லை. அங்கேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

வண்டி 23 நாள் அங்கே நின்றது. செல்ஃப் மோட்டார் 7,500, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் 9,000, பொறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் காயில் 1,800, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முழுச் செட் 6,500, ஒயரிங் 8,000, கூலி 8,700. ஆக மொத்தம் 41,500 ரூபாய். பில் கேட்டபோது, “பில் போட்டால் வரி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பணிமனையின் பெயர் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கழற்றிய பொருள்கள் எங்கே என்று கேட்டேன். “பழைய இரும்புதானே சார், போட்டுவிட்டோம்” என்றார்கள். பானெட்டுக்குள் எல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்து நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதுராந்தகத்தில் ஒரு திருமணம். அப்பா, அம்மா, நான். பரனூர் சுங்கச்சாவடியை நெருங்கும்போது வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எஞ்சின் இரண்டு முறை திணறி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃபிலிருந்து ‘டொக்’ என்ற ஒரு சத்தம் மட்டும். நான்கைந்து முறை முயன்றதும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சோக் குமிழைத் தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. டாஷ்போர்டுக்கு அடியில் சோக் கேபிளின் உறை இளகித் தொங்கியது. மே மாதத்து நண்பகல் வெயில். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. 78 வயது மனிதர் இறங்கி வண்டியைத் தள்ளக் கைவைத்தார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பணிமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். “வெயிலில் பழைய வண்டி அப்படித்தான் சார். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், ஈரத்துணி போடுங்கள்” என்றார்கள். வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பது உண்மையிலேயே நடப்பதுதான். ஆனால் ஆவி அடைத்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின்தான் பிடிக்காது. இங்கே செல்ஃபே சுற்றவில்லை. அந்த வித்தியாசம் எனக்கே தெரிந்தபோது, இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமல் போகுமா? தேசிய நெடுஞ்சாலையில் இப்படி மாட்டிக்கொண்டால் 1033 என்ற உதவி எண்ணை அழையுங்கள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. தனியார் இழுவை வண்டிக்கு 4,500 ரூபாய் கொடுத்து வீடு வந்து சேர்ந்தோம். திருமணத்துக்குப் போகவில்லை.

மறுவாரம் தெரிந்தவர் மூலம் பல்லாவரம் பக்கத்தில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். நாற்பது ஆண்டு டாக்சிகளில் கைவைத்தவர், எல்லோரும் பாய் என்றுதான் அழைப்பார்கள். வீட்டுக்கே வந்தார். பானெட்டைத் திறக்கும் முன் அப்பாவிடம் கால் மணி நேரம் பேசினார்: எப்போது நின்றது, நிற்கும் முன் இழுத்ததா, துடித்ததா, வாடை வந்ததா. பிறகு பையிலிருந்து ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் மாட்டினார். “இப்போது அடியுங்கள் தம்பி” என்றார். ‘டொக்’ என்று மட்டும் சொல்லி நின்ற செல்ஃப் விர்ரென்று சுற்றியது.

பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போக, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டைதான் வழி. அதைத்தான் எர்த் ஒயர் என்கிறோம். எங்கள் வண்டியில் அது துருவேறிப் பாதி இழைகள் அறுந்திருந்தது. சூடேறினால் அந்த இணைப்பின் மின்தடை கூடிவிடும். சூட்டில் மட்டும் மக்கர் செய்ததன் காரணம் அதுதான். பணிமனைக்காரர்கள் அதே நைந்த பட்டையைப் பெயின்டின் மேலேயே வைத்து முடுக்கிவிட்டார்கள். பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும். வழி அடைபட்ட மின்சாரம், எஞ்சினையும் டாஷ்போர்டையும் தொடும் இன்னொரு உலோகமான சோக் கேபிள் வழியாகப் பாய்ந்தது. என் விரல் சுட்டது அதனால்தான். தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எங்கள் வண்டியில் 3.8 காட்டியது. புதுப் பட்டை 180 ரூபாய்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஏன் அணைந்தது என்பது தனிக் கதை. புதிய டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த கண்டன்சர் என்ற சிறு மின்தேக்கி மட்டமான போலி, சூடேறினால் செயலிழந்துவிடும். அப்போது, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் சி.பி. பாயிண்டில் தீப்பொறி பறந்து முனைகள் கருகும், பிளக்குக்கு வலுவான பொறி போகாது. பாய் கழற்றிக் காட்டினார். மூன்றே நாளில் பாயிண்ட் நீலம் பாய்ந்திருந்தது. கார்புரேட்டரும் போலிதான், அதன் திராட்டில் தண்டு (காற்று வழியைத் திறந்து மூடும் தண்டு) புதிதிலேயே ஆடியது. எங்கள் பழைய கார்புரேட்டரில் ஒரு குறையும் இருந்ததில்லை.

எனக்கு மிகவும் வலித்தது எது தெரியுமா? பாய் போன பிறகு அப்பா நீல நோட்டைப் புரட்டினார். 1997ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: “சூட்டில் செல்ஃப் எடுக்கவில்லை. எர்த் பட்டை மாற்றியது.” விடை அந்த நோட்டிலேயே இருந்தது. பணிமனையில் 23 நாள் கிடந்த அந்த நோட்டு, அப்பா போட்டுக் கொடுத்த ரப்பர் பேண்ட் அப்படியே இருக்கத்தான் திரும்பி வந்தது.

இந்தக் கார் இத்தாலியின் ஃபியட் 1100 வழியில் மும்பை குர்லாவில் தயாரானது, 1,089 சிசி எஞ்சின். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஓடிய கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. உதிரிகளைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த டாக்சிக்காரர்கள்தான். இனி அசல் கார்புரேட்டரும் அசல் டிஸ்ட்ரிபியூட்டரும் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். “பழைய இரும்பு” என்று பணிமனைக்காரர்கள் சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் அசல் உதிரிகள் வேறொரு வண்டிக்கு நல்ல விலைக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். என் கையில் இருப்பது கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவும் அந்த வெள்ளைத் தாளும்தான். பில்லை வற்புறுத்தி வாங்கியிருந்தால் வழக்கு வலுவாக இருந்திருக்கும். வண்டியை விடும் முன் பானெட்டுக்குள் ஒவ்வொரு பொருளையும் அதன் எண்ணோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

ஆனால் ஓர் அடையாளம் இருக்கிறது. எங்கள் கார்புரேட்டரின் மூடியில் ஒரு திருகு மட்டும் பித்தளை. மரை தேய்ந்துபோனதால் 2011இல் அப்பாவே கடைந்து வாங்கிப் போட்டது, நோட்டிலும் இருக்கிறது. சென்னையில் பழைய உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக் கடைகளிலோ வேறொரு பத்மினியிலோ அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.