தகரத்தைக் கண்ணால் பார்க்காமல் பிரைமர் அடிக்க விடாதீர்கள்

அப்பா ஓட்டிய புல்லட் 350. திருவொற்றியூரில் செய்த வண்டி. கறுப்பு டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு. பின் மட்கார்டில் துரு ஏறியதால், முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன்.

"பழசை முழுக்க எடுத்து, தகரம் தெரிஞ்ச பிறகுதான் சார் பிரைமர்" என்றார் கடைக்காரர். அந்த வேலைக்குத் தனியாக 4,000 ரூபாய். மொத்தம் 15,000. சரி என்று 10,000 அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை, அது என் தப்பு.

மூன்று வாரத்தில் வண்டி பளபளவென்று வந்தது. அம்மா டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, பங்க்கில் பெட்ரோல் கொஞ்சம் வழிந்தது. மறுநாள் டேங்க் மூடியை ஒட்டி ஒரு கொப்புளம். நகத்தால் நெம்பினேன். அரை விரல் நீளத்துக்குச் செதிலாக உரிந்து வந்தது. மேலே புதுக் கறுப்பு, அதன் கீழே சாம்பல் பிரைமர், அதற்கும் கீழே பழைய கறுப்பும் அப்பா காலத்துத் தங்கக் கோடும் அப்படியே இருந்தன. வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்த கீறல்கள் கோட்டின் மேல் தெரிந்தன. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

போய்க் கேட்டால், "பழைய பெயிண்ட் நல்லா பிடிச்சிருந்துச்சு, அதான் எடுக்கல" என்கிறார். உறுதியான பழைய பெயிண்டின் மேல் தேய்த்து அடிப்பது தவறே இல்லை. அதை முதலிலேயே சொல்லி, அந்த 4,000-ஐக் குறைத்திருக்க வேண்டும். மேலே பெட்ரோல் தாங்கும் 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததாகச் சொன்னதும் பொய். அது ஒழுங்காக அடித்துக் காய்ந்திருந்தால், வழிந்த பெட்ரோலுக்கு இப்படிக் கொப்பளிக்காது.

மட்கார்டில் மட்டும் பழைய பெயிண்டை எடுக்கும் ரிமூவர் போட்டிருக்கிறார்கள். ஆனால் மடிப்புக்குள் போனதைக் கழுவவில்லை. வெறும் தகரத்தை மழை நாளில் அப்படியே கிடத்தியிருக்கிறார்கள். பெயிண்ட் எடுத்த தகரம் ஈரக் காற்றில் ஒரே ராத்திரியில் பழுப்பேறிவிடும். அந்தத் துருவின் மேலேயே பிரைமர். இப்போது மடிப்பு ஓரமெல்லாம் பொரிந்து நிற்கிறது.

கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பெயிண்ட் எடுத்த அன்றைக்கு நேரில் போய்ப் பாருங்கள், டேங்கின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கழுவித் துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் ஏறட்டும். பள்ளங்களை நிரப்பும் பட்டி பார்ப்பது அதற்குப் பிறகு. பட்டி எவ்வளவு கனம் என்று தெரிய, துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி கனமான இடத்தில் பிடிப்பு தளரும். பெயிண்ட் எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறோம் என்று கடையில் சொன்னால், அலுமினியப் பாகம் எதையும் கொடுக்காதீர்கள், அரித்துத் தின்றுவிடும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்சி-யிலும் மாற்ற வேண்டும்.

பணம் திரும்பவில்லை. டேங்க் இப்போது வேறொரு பெயிண்டரிடம் இருக்கிறது. நேற்று ரிமூவர் தடவுவதற்கு முன்னால் அவரே கூப்பிட்டார். போய் அந்தக் கோட்டின் அகலத்தையும் வளைவையும் டிரேசிங் பேப்பரில் எடுத்துக்கொண்டு வந்தேன்.