சூப்பர்சார்ஜர் பென்ஸும் பார்வதிபுரம் பட்டறையும்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவனுக்கு 2006 மாடல் பென்ஸ் சி200 கொம்ப்ரஸர் எதற்கு என்று வீட்டில் கேட்காத நாளில்லை. திருவனந்தபுரத்தில் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். 1.8 லிட்டர் இன்ஜின், காற்றை அழுத்தி அதற்குள் ஏற்ற பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர், கம்பெனிக் கணக்கில் 163 குதிரைத்திறன். அதுவே தாராளம். ஆனாலும் போன வருடம் வெளியூர்க் கடை ஒன்றில் 35,000 ரூபாய் கொடுத்து, சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டரில் புது மேப்பும் (பெட்ரோல், ஸ்பார்க் கணக்கு) ஏற்றிக்கொண்டு வந்தேன். 220 குதிரை என்றார்கள்.

முதல் பத்து நிமிடம் பறக்கும். வைகாசி வெயிலில் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி போவதற்குள் சோர்ந்துவிடும். காற்றாலை எல்லாம் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்க, என் வண்டி மட்டும் மூச்சு வாங்கும். அழுத்தி மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குகிற சத்தம்.

நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்துப் பக்கம் ஒரு இடைவழியில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். போர்டு கிடையாது. பெரியவரை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். லேப்டாப் வேலை அவருடைய மருமகனுக்கு. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளில் கை பழகி வந்தவர். 'இன்னும் கொஞ்சம் பவர் வேணும்' என்று நான் ஆரம்பித்ததுமே ஆசான் கையமர்த்தினார். "மொதல்ல ஓட்டைய அடைக்கணும், பெறவுதான் பவரு, கேட்டியளா?"

முதல் நாள் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், மட்டும் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அரை பாருக்குள் இருந்தன, பிழைத்தேன். அடுத்த நாள் காற்று போகும் வழியில் புகை விட்டுப் பார்த்தார்கள். சூப்பர்சார்ஜருக்கு அடியில் இருக்கும் பிரீதர் ஹோஸிலிருந்து (இன்ஜினுக்குள் சேரும் ஆவி போகும் ரப்பர் குழாய்) புகை வந்தது. இந்த இன்ஜினில் அந்த ஹோஸ் வெடிப்பது எல்லாருக்கும் தெரிந்த நோயாம். ரப்பரில் சோறு தின்கிறவன் என் வண்டி ரப்பர் வெடித்ததைப் பார்க்கவில்லை. அந்த வெடிப்பு வழியாக, காற்றை அளக்கிற சென்சாருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டர் அதற்கு ஏற்ற பெட்ரோலை ஊற்றாது. முழு மிதியில் லாம்டா, அதாவது காற்று-பெட்ரோல் கணக்கு, 0.93 காட்டியது. காற்றும் பெட்ரோலும் கணக்காக இருந்தால் 1. காற்றை அழுத்தி ஏற்றுகிற இன்ஜினுக்கு முழு மிதியில் 0.82 பக்கம் பெட்ரோல் கூடுதலாக இருக்க வேண்டும், அதுதான் உள்ளே சூட்டைத் தணிக்கும் என்று மருமகன் விளக்கினார். போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால் இதற்கு 13.5 பக்கம்தான். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டும். பழைய கடைக்காரர்கள் நான் என்ன பெட்ரோல் போடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

புல்லி விஷயம்தான் எனக்குப் புதுசு. புல்லி 10 சதவீதம் சிறுத்தால் சூப்பர்சார்ஜர் 11 சதவீதம் வேகமாகச் சுற்றும். காற்று கூடும், அதைவிட வேகமாகச் சூடும் கூடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டியும் என் வண்டியில் காற்று 78 டிகிரி காட்டியது. அவ்வளவு சூட்டில் நாக்கிங் வரும் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது, அந்தக் கூழாங்கல் சத்தம்), அதைக் கேட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதமாக்கும், பவர் போய்விடும். சின்ன புல்லியில் பெல்ட் சுற்றிப் பிடிக்கிற இடமும் குறைவு, அதனால் வழுக்கும். பெல்ட் தேய்ந்த கறுப்புப் பொடியை விரலில் எடுத்து என் வெள்ளைச் சட்டையிலேயே காட்டினார் ஆசான். அதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் குறைக்கலாம்.

கடைசியில் செய்தது இவ்வளவுதான்: கம்பெனி அளவைவிட லேசாகச் சிறிய புல்லி, புது பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பிரீதர் ஹோஸ்கள், சூட்டை வேகமாகக் கடத்திவிடும் ஒரு படி 'குளிர்ந்த' ஸ்பார்க் பிளக், இன்டர்கூலர் கழுவல். அப்புறம்தான் மேப். அதையும் ஒரே நாளில் எழுதவில்லை. மூன்று நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு காவல்கிணறு ரோட்டில் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பில் பதிவான லாகைப் பார்த்து, ஸ்பார்க்கை அரை டிகிரி, ஒரு டிகிரியாகத்தான் கூட்டினார்கள். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் வேலை 85 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று ஒரு கோடு. அதைத் தாண்டச் சொன்னால் ஆசான் வேறு பட்டறை பார்க்கச் சொல்கிறார். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்ற மாட்டார். புகைச் சான்றிதழுக்குப் பிரச்சினை வரவில்லை.

பவரை அளக்கும் டைனோ மெஷின் இல்லை என்பது பெரிய குறைதான். குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மூன்றாவது கியரில் 60லிருந்து 100 கிலோமீட்டர் வேகம்: வந்தபோது சூடான இன்ஜினில் 6.4 விநாடி, இப்போது 5.6. மத்தியானம் ஆரல்வாய்மொழியிலும் அதே நேரம்தான் வருகிறது, எனக்கு அது போதும். உதிரிபாகத்தோடு 47,300 ரூபாய், பதினாறு நாள். நாலு நாளில் முடியும் என்றுதான் சொன்னார்கள். பில் கேட்டு வாங்குவதற்குள் இரண்டு சாயா குடித்தாகிவிட்டது.

வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின் லேசாக நீண்டிருக்கிறது, அதை மாற்றாமல் இனி ஒரு குதிரைகூடக் கேட்கக்கூடாது என்று உத்தரவு. என் பழைய சின்ன புல்லி இப்போது ஆசான் மேஜையில் பில் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

போகிறவர்கள் காலை பத்துக்கு முன்னால் நேரிலேயே போங்கள், போனை எடுக்க மாட்டார். எந்த பங்கில் எந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்று கேட்பார். தெரியாமல் விழித்தால் திட்டு உண்டு.