ஏழு வருடம், மூன்று இயங்குதளம்: ரிப்கிரெப், எஃப்டி, ஜேக்யூவை நானே கட்டிப் பயன்படுத்திய அனுபவம்

அலுவலகத்தில் விண்டோஸ் லேப்டாப், வீட்டில் மேக். இது போக நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வர்கள் சில, மேசை ஓரத்தில் 1 ஜிபி ரேம் உள்ள ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி ஒன்று. 2018 வாக்கில் எனக்கு வந்த ஆசை ரொம்பச் சின்னது: எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் ஒரே கட்டளைக்கு ஒரே பதில் வர வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. உரையைத் திருத்தும் செட் கட்டளையையே எடுத்துக்கொள்ளுங்கள்: மேக்கில் இருப்பது பிஎஸ்டி யூனிக்ஸ் வழி வந்தது, லினக்ஸில் இருப்பது க்னூ திட்டத்தினுடையது. கோப்பை அதே இடத்தில் திருத்தச் சொல்லும் மைனஸ் ஐ-க்குப் பிறகு மேக்கில் காப்புக் கோப்பின் பின்னொட்டைக் கொடுத்தே ஆகவேண்டும், அது வெறும் மேற்கோள் குறியாக இருந்தாலும் சரி. அதையே லினக்ஸில் அப்படியே கொடுத்தால் வேறு அர்த்தமாகிவிடும். அதனால்தான் எல்லாத் தளத்துக்கும் ஒரே சோர்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து) வரும் கருவிகளுக்கு மாறினேன். தேட ரிப்கிரெப், கோப்பு கண்டுபிடிக்க எஃப்டி, ஜேசான் வடிவத் தரவைப் பிரித்துப் பார்க்க ஜேக்யூ. இன்றுவரை தினமும் இவைதான்.

முதலில் ஜேக்யூ, ஏனென்றால் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து கட்டவேண்டிய உண்மையான தேவை எனக்கு அங்கேதான் வந்தது. 1.6 வெளிவந்தது 2018 நவம்பரில், அடுத்த 1.7 வந்தது 2023 செப்டம்பரில், நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் புதிய வெளியீடு கிடையாது. 1.6-ல் எண்கள் எல்லாம் டபுள் என்ற மிதவைப்புள்ளி வடிவுக்கு மாற்றப்படும், அதாவது 2-ன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்களில் கடைசி இலக்கங்கள் மாறிப்போகலாம். என் கோப்புகளில் 19 இலக்க அடையாள எண்கள் இருந்தன. உள்ளே போன எண் ஒன்று, வெளியே வந்தது இன்னொன்று, ஒரு எச்சரிக்கைகூட வராது. இரண்டு நாள் தரவுத்தளத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நாம் கை வைக்காத எண்ணை இலக்கம் மாறாமல் அப்படியே திருப்பித் தரும் திருத்தம் கிட்டில் (நிரல் மாற்றங்கள் சேரும் களஞ்சியத்தில்) அப்போதே சேர்ந்திருந்தது, வெளியீடுதான் வரவில்லை. சரி, கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

ஜேக்யூ சி-யில் எழுதப்பட்டது, கட்டுவது ஆட்டோடூல்ஸ் என்ற பழைய கருவிகளின் வழி. கிட்டிலிருந்து நகலெடுக்கும்போது (குளோன்) உள்ளே இணைத்திருக்கும் வேறு களஞ்சியமான சப்மாட்யூலையும் சேர்த்து இழுக்க மறந்தால் ஒனிகுருமா என்ற ரெகெக்ஸ் (உரை வடிவத் தேடல்) நூலகத்தின் அடைவு காலியாக இருக்கும். அப்புறம் ஆட்டோரீகான்ஃப், கான்ஃபிகர், மேக் (make) என்று மூன்று கட்டளைகள். கான்ஃபிகர் நின்றுவிட்டால் திரையில் தெரியும் கடைசி வரியை வைத்துத் தேடி அலையாதீர்கள், கான்ஃபிக் லாக் கோப்பைத் திறந்து கடைசியாக எந்தச் சோதனை தோற்றது என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ப்ரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்) என்று வீட்டு அடைவுக்குள் இருக்கும் டாட் லோக்கலைக் கொடுத்துவிட்டால் சுடோ (நிர்வாகி அனுமதி) தேவையே இல்லை, கணினியின் சொந்தக் கோப்புகள் எதையும் தொடாது. இந்த ஒரு பழக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

ரிப்கிரெப்பும் எஃப்டியும் ரஸ்ட்டில் எழுதப்பட்டவை, அவற்றில் வேலை குறைவு. ரஸ்ட்டோடு வரும் கருவியான கார்கோவைக் கொண்டு கார்கோ இன்ஸ்டால் என்று அடித்தால் சோர்ஸ் இறங்கி கம்பைல் ஆகி வீட்டு அடைவுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். முட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ரஸ்ட் இருந்தாலும் கடைசியில் துண்டுகளை ஒரே நிரலாக லிங்க் செய்ய சி கருவிகள் வேண்டும், உபுண்டுவில் பில்ட் எசென்ஷியல் தொகுப்பு, விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ். இன்னொன்று ரஸ்ட்டின் பதிப்பு. டெபியன் 12-ன் களஞ்சியத்தில் இருப்பது 1.63, இந்தக் கருவிகளின் புதிய வெளியீடுகளுக்கு அது போதாது, ரஸ்ட்டின் சொந்த நிறுவியான ரஸ்ட்அப் வழியாகத்தான் போடவேண்டும். கூடவே லாக்டு என்ற தெரிவையும் கொடுங்கள், இல்லையென்றால் எழுதியவர் சோதித்த சார்பு நூலகங்களின் பதிப்புகளை விட்டுவிட்டு அன்றைக்குக் கிடைக்கும் புதியவற்றை எடுத்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையில் நான்கு கோரும் ஒன்றாக ஓடியபோது நினைவகம் தீர்ந்து கம்பைலர் பாதியிலேயே கொல்லப்பட்டது. ஜாப் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து ஸ்வாப்பை (வட்டில் ஒதுக்கும் கூடுதல் நினைவகத்தை) கூட்டியதும் மெதுவாக முடிந்தது.

எனக்கு அதிக நேரம் எடுத்த பாடம் க்ளிப்சி, பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம். உபுண்டு 22.04 கணினியில் கட்டிய பைனரியை (ஓடத் தயாரான கோப்பை) 20.04 சர்வருக்கு நகலெடுத்தேன், க்ளிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று சொல்லி ஓட மறுத்துவிட்டது. 22.04-ல் இருப்பது க்ளிப்சி 2.35, 20.04-ல் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியதற்குப் பழையதில் உத்தரவாதம் இல்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. இருப்பதிலேயே பழைய கணினியில் கட்டுவது ஒன்று, மசல் என்ற மாற்று சி நூலகத்தோடு எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து ஸ்டாட்டிக்காகக் கட்டுவது இன்னொன்று. ரிப்கிரெப்பின் வெளியீட்டுப் பக்கத்தில் 64 பிட் இன்டெல் லினக்ஸுக்குக் கிடைப்பது மசல் பைனரிதான். மசலின் நினைவக ஒதுக்கீடு மெதுவானது என்பதால் அதில் ஜேஇமேலாக் என்ற வேறு ஒதுக்கியைச் சேர்த்தே கட்டுகிறார்கள், அதனால் வேகத்தில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரே கோப்பு, எங்கே வைத்தாலும் ஓடும். இதைப் பார்த்த பிறகு, எதையும் நானே கட்டித்தான் ஆகவேண்டும் என்ற பிடிவாதம் பெரிதும் குறைந்துவிட்டது.

பெயர் விஷயம் ஒன்று உண்டு. டெபியன், உபுண்டுவில் தொகுப்பாகப் போட்டால் எஃப்டி என்று அடித்தால் ஒன்றும் வராது, அங்கே அதன் பெயர் எஃப்டிஃபைண்ட், அதேபோல கோப்பைக் காட்டும் பேட் கருவி அங்கே பேட்கேட், வேறு தொகுப்புகள் அந்தப் பெயரை முன்பே எடுத்துக்கொண்டதுதான் காரணம். டாட் லோக்கல் பின் அடைவில் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டால் போதும். அந்த அடைவை நீங்கள் இப்போதுதான் உருவாக்கியிருந்தால் ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள், உபுண்டுவின் ப்ரொஃபைல் கோப்பு உள்நுழையும்போது அடைவு இருந்தால் மட்டுமே அதைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுப் பட்டியலில்) சேர்க்கும். விண்டோஸில் ஸ்கூப் என்ற நிறுவி போதும், நிர்வாகி அனுமதி இல்லாமல் வீட்டு அடைவுக்குள்ளேயே நிறுவும்.

2024 மார்ச் 29-க்குப் பிறகு என் முறையில் ஒரு மாற்றம் வந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை நிரலர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அன்றுதான் வெளியிட்டார், எஸ்எஸ்எச் வழியான தொலை உள்நுழைவு அரை விநாடி தாமதமானதைத் துருவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தது. கெட்ட குறியீடு சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிட்டிலேயே ஒளிந்திருந்தது, ஆனால் பில்ட் நடக்கும்போது அதை எழுப்பிவிடும் எம்4 கோப்பு வெளியீட்டு டார்பாலில் (மூலநிரலைச் சுருக்கிய தொகுப்பில்) மட்டும்தான் இருந்தது. நானும் வருடக்கணக்கில் டார்பாலை இறக்கி, உள்ளே பார்க்காமல் கான்ஃபிகர் ஓட்டியவன். அந்தச் செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது நானே கட்டுவதென்றால் கிட் டேகிலிருந்து (பதிப்புக்காகக் குறித்த புள்ளியிலிருந்து) எடுத்து, கான்ஃபிகர் கோப்பையும் நானே உருவாக்கிக்கொள்கிறேன். எந்தக் கணினியில், எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது, ஷா256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) என்ன என்று ஒரு உரைக் கோப்பில் எழுதியும் வைக்கிறேன்.

அதனால் இன்றைய நிலவரம் இப்படி: மேக்கில் ஹோம்ப்ரூ நிறுவி, விண்டோஸில் ஸ்கூப், சர்வர்களில் ஸ்டாட்டிக் பைனரி, சோர்ஸிலிருந்து கட்டுவது ராஸ்பெர்ரி பையில் மட்டும். அப்புறம், ஒரு திருத்தம் கிட்டில் இருந்து வெளியீட்டில் இல்லாதபோதும் கட்டுவேன்.

கடைசியாகத் தமிழ்க் கோப்புகளில் தேடுகிறவர்களுக்கு. ரிப்கிரெப்பில் சொல் எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பைத்தானின் ரீ நூலகத்தில் அதே குறி புள்ளியில் உடைந்து சொல்லைத் துண்டாக்கிவிடும். இந்த ஒன்றுக்காகவே நான் ரிப்கிரெப்பைக் கைவிடமாட்டேன். யுடிஎஃப் 16 கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (குறியாக்கத்தைச் சொல்லும் குறி) இருந்தால் தானே கண்டுகொள்ளும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் இருக்கும் பழைய கோப்புகள் மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாறியாக வேண்டும். ஆனால் யூனிகோடை இது இயல்பாக்குவதில்லை. கொடி என்ற சொல்லில் கொ-வின் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நான் ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தோடு வரும் யூகான்வ் கருவியால் எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சிக்கு (இப்படிப்பட்ட குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவத்துக்கு) மாற்றிவிட்டுத்தான் தேடுகிறேன், டெபியனில் அது ஐசியு டெவ்டூல்ஸ் தொகுப்பில் இருக்கிறது.