பிலாசஃபியும் பாலிடிக்ஸும் சேர்த்து ஒரே டிகிரி: மூணு வருஷம் படிச்சு முடிச்சவளோட ரிவ்யூ

ஏ லெவல் (இங்கிலாந்துல ஸ்கூல் முடிக்கற பரீட்சை) எழுதப்போற பசங்க ரெண்டு மூணு பேர் இந்த டிகிரியைப் பத்திக் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா இங்கயே எழுதிடறேன். நான் 2021-ல சேர்ந்து 2024-ல முடிச்சேன், இங்கிலாந்துல வடக்குப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டி. பேரு வேண்டாம், ஏன்னா குறையும் சொல்லப் போறேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தர்றேன், அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வரும்.

முதல்ல கணக்கு. மூணு வருஷம், 360 க்ரெடிட், வருஷத்துக்கு 120. ஜாயின்ட் ஆனர்ஸ், அதாவது ரெண்டு சப்ஜெக்ட் சேர்ந்த டிகிரிங்கறதால, முதல் வருஷம் அதுல பாதி இந்த டிபார்ட்மென்ட், பாதி அந்த டிபார்ட்மென்ட், அப்புறம் கொஞ்சம் கூடக் குறைய மாத்திக்கலாம். அந்த முதல் வருஷத்துல 40 மார்க் எடுத்து பாஸ் ஆனா எங்களுக்குப் போதும், ஃபைனல் ரிசல்ட்ல அது சேராது, அதனால பயப்படாம பிடிச்சதை எல்லாம் எடுத்துப் பாருங்க. ஃபீஸ் நான் படிச்சப்போ எங்களுக்கு வருஷம் 9,250 பவுண்டு இருந்துச்சு, வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு அதைவிட ரொம்ப ஜாஸ்தி. கிளாஸ்னு பார்த்தா வாரத்துக்கு ஒம்பது பத்து மணி நேரம்தான், மீதி எல்லாம் நாமளே லைப்ரரில உக்காந்து படிக்கறது. இவ்வளவு காசு குடுத்து இவ்வளவு கம்மி கிளாஸான்னு அம்மா கேட்டாங்க, ஆனா பழைய இங்கிலீஷ் தத்துவவாதி ஹாப்ஸ் எழுதினதுல நாற்பது பக்கம் படிக்க எனக்கு ஒரு நாள் முழுசா ஆச்சு, டைம் எங்க போகுதுன்னு அப்ப புரிஞ்சுது.

லாஜிக் பத்தி யாரும் முன்னாடியே சொல்லலை. நியாயம், சுதந்திரம்னு பேசப் போறோம்னு நினைச்சு வந்தா மூணாவது வாரமே ட்ரூத் டேபிள், அதாவது ஒரு வாக்கியம் எப்ப உண்மை எப்ப பொய்னு கட்டம் போட்டுப் பார்க்கறது. மழை பெஞ்சா ரோடு நனையும், ரோடு நனைஞ்சிருக்கு, அதனால மழை பெஞ்சிருக்கு, இது ஏன் தப்புன்னு குறியீடு போட்டு நிரூபிக்கணும். எனக்கு அழுகையே வந்துச்சு. அது எதுக்குன்னு ரெண்டாவது வருஷம்தான் தெரிஞ்சுது, 1785-லயே கொண்டோர்சேங்கற பிரெஞ்சு அறிஞர் எழுதின ஒரு விஷயத்தை பாலிடிக்ஸ் செமினார்ல பண்ணப்போ. மூணு பேரு, மூணு சாப்பாடு. ஒருத்திக்கு பீட்சா, அப்புறம் பிரியாணி, அப்புறம் நூடுல்ஸ். இன்னொருத்திக்கு பிரியாணி, நூடுல்ஸ், பீட்சா. மூணாவது ஆளுக்கு நூடுல்ஸ், பீட்சா, பிரியாணி. ரெண்டு ரெண்டா எடுத்து ஓட்டுப் போட்டுப் பாருங்க, பீட்சா பிரியாணியை ஜெயிக்கும், பிரியாணி நூடுல்ஸை ஜெயிக்கும், நூடுல்ஸ் திரும்ப பீட்சாவை ஜெயிக்கும். மூணு பேருமே தெளிவாத்தான் இருக்காங்க, சேர்ந்து முடிவெடுத்தா சுத்திச் சுத்தி வருது. 'மக்கள் விருப்பம்'னு ஒண்ணு இருக்கான்னே அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சேன். இந்தக் கோர்ஸ் ஏன் சேர்த்து வெச்சிருக்காங்கன்னு எனக்கு அங்கதான் உறைச்சுது.

இப்ப மெயின் விஷயம். அதே வருஷம் ரெண்டு பக்கமும் கட்டாய ஓட்டு (எல்லாரும் ஓட்டுப் போட்டே ஆகணும்ங்கற சட்டம்) பத்தி எஸ்ஸே. பிலாசஃபிக்கு ஆஸ்திரேலியா கதையை எழுதினேன், 1922-ல 60 சதவீதம்கூட ஓட்டு விழலை, 1924-ல சட்டம், 1925 தேர்தல்ல 91 சதவீதம். திருத்தினவர் ஓரத்துல பென்சில்ல எழுதின ஒரே வரி: "கூட்டம் வந்தது சரி, கட்டாயப்படுத்தினது நியாயம்னு இதுலேர்ந்து எப்படி வருது?" பாலிடிக்ஸ் எஸ்ஸேல தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லோட சுதந்திரக் கொள்கையை ரெண்டு பக்கம் எழுதி வெச்சேன், அங்க வந்த கமென்ட்: "எந்த நாட்டோட கம்பேர் பண்றீங்க? ஆதாரம் எங்க?" நூத்துக்கு ஒண்ணுக்கு 58, இன்னொண்ணுக்கு 57. ரெண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விதான், நான்தான் ரெண்டையும் இடம் மாத்திக் குடுத்திருக்கேன். இந்த டிகிரில கத்துக்கறதே இதுதான்னு நான் நம்பறேன், 'நடக்குது'ங்கறது வேற, 'நடக்கணும்'ங்கறது வேற, ஒண்ணை வெச்சு இன்னொண்ணைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஆனா ரெண்டும் இல்லாம ஒரு சட்டத்தைப் பத்தி உருப்படியாப் பேசவும் முடியாது.

அந்த பாலிடிக்ஸ் கமென்டாலதான் நெதர்லாந்தைத் தேடிப் போனேன். அங்க 1970-ல கட்டாய ஓட்டை எடுத்துட்டாங்க, 1967 தேர்தல்ல சுமார் 95 சதவீதம் இருந்தது 1971-ல 79-க்கு இறங்கிடுச்சு. இதை வெச்சுத்தான் டிசர்டேஷனும் (கடைசியா எழுதற பெரிய ஆய்வுக் கட்டுரை) எழுதினேன்.

அந்த ஒரு ஸ்டார் போனது இங்கதான். ரெண்டு டிபார்ட்மென்டும் ஒண்ணோட ஒண்ணு பேசவே பேசாது. செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு ரெண்டு பக்கமும் கட்டாய செமினார் போட்டுட்டாங்க, மாத்தித் தர மூணு வாரம், அதுக்குள்ள எனக்கு ஆப்சென்ட் மார்க் ஆகி வார்னிங் மெயிலே வந்துடுச்சு. எஸ்ஸே டெட்லைன் ரெண்டும் ஒரே வாரத்துல, வருஷா வருஷம். டிசர்டேஷனுக்கு ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட்லதான் சூப்பர்வைசர்னு சொல்லிட்டாங்க, நான் பாலிடிக்ஸ் எடுத்தேன், பிலாசஃபி சாப்டரை நல்லாப் படிச்சு சொல்ல ஆளே இல்லை. ஒரு பிலாசஃபி மேம் தன்னோட ஆபீஸ் ஹவர்ல, அவங்க வேலையே இல்லாத வேலையா, உக்காந்து வரி வரியாப் பார்த்துக் குடுத்தாங்க. அவங்க இல்லைன்னா அந்த சாப்டர் நின்னிருக்காது.

வேலை கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்கு, கூடப் படிச்சவங்கள்ல சிலர் லா கன்வர்ஷன் (வேற டிகிரி முடிச்சவங்க சட்டத்துக்கு மாற படிக்கற கோர்ஸ்) போனாங்க, ஒருத்தி சிவில் சர்வீஸ்ல இருக்கா, நான் ஒரு கவுன்சில்ல, அதாவது உள்ளாட்சில, பாலிசி டீம்ல இருக்கேன். கணக்கு பிடிக்கும்னா பிலாசஃபி, பாலிடிக்ஸோட எகனாமிக்ஸும் சேர்ந்த பிபிஇ பாருங்க, ஆக்ஸ்ஃபோர்டுல அதை எடுத்துட்டு முதல் வருஷம் முடிஞ்சதும் மூணுல ஒண்ணை விட்டுடவும் செய்யலாம்.

ஓப்பன் டே (சேர நினைக்கறவங்க யுனிவர்சிட்டியைச் சுத்திப் பார்க்கற நாள்) போனீங்கன்னா கட்டடத்தையும் கஃபேவையும் அப்புறம் பாருங்க. "டிசர்டேஷனுக்கு ரெண்டு டிபார்ட்மென்ட்லேர்ந்தும் சூப்பர்வைசர் தருவீங்களா, டைம்டேபிள் கிளாஷ் ஆனா யார்கிட்ட வரணும்?"னு ரெண்டு டேபிள்லயும் தனித்தனியாக் கேளுங்க. ஒரு பேரைச் சொல்லி இவங்ககிட்ட வாங்கன்னு ரெண்டு டேபிளும் ஒரே ஆளைக் காட்டினா தைரியமா அப்ளை பண்ணுங்க.