160-ம் 400-ம்: ஒரே கெமிக்கல் பட்டம், இரண்டு கணக்கு

சென்னை சர்தார் படேல் சாலையில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் ஐஐடி மெட்ராஸுக்கும் இடையே அதிக தூரமில்லை. இரண்டுமே கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பி.டெக் தருகின்றன. இரண்டிலும் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். ஆனால் பட்டம் வாங்க அண்ணா பல்கலையில் 160-ஐ ஒட்டிய கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் எடைப் புள்ளி) போதும். ஐஐடியில் 400 வேண்டும். அதுவும் 2024-இல் குறைத்த பிறகு. அதற்கு முன்பு 430-ஐத் தாண்டியிருந்தது.

இதைப் பார்த்துவிட்டு ஐஐடியில் இரண்டரை மடங்கு படிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. படிப்பு கடினம் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்கு இந்த எண் சாட்சி அல்ல. இரண்டு இடத்திலும் கிரெடிட் என்ற பெயரில் எண்ணப்படுவது ஒன்றல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே அண்ணா பல்கலை என்று நான் சொல்வது, இணைப்புக் கல்லூரிகளில் 2021 முதல் 2024 வரை சேர்ந்தவர்களுக்கான ரெகுலேஷன் 2021 என்ற விதிப்புத்தகம். கிண்டி வளாகத்தில் இருக்கும் ஏ.சி.டெக்குக்கு (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) விதிகள் தனி. தன்னாட்சிக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதிப்புத்தகம் வைத்திருக்கின்றன.

அண்ணா பல்கலை எண்ணுவது வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடம் ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர லேப் ஒரு கிரெடிட். தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் இதே கணக்கில்தான் 160 என்று வைத்தது. ஐஐடி மெட்ராஸ், மாணவர் அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்து எண்ணுகிறது. வாரம் மூன்று மணி நேரப் பாடத்துக்கு வெளியே ஆறு மணி நேர வேலை என்று போட்டு, மொத்தம் 9 கிரெடிட். ஆக, மாஸ் டிரான்ஸ்ஃபர் போன்ற ஒரு பாடம் வாரம் மூன்று மணி நேரம் நடந்தால் இங்கே 3, அங்கே 9.

இரண்டையும் பொதுவான ஒரு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் முறைக்குப் பெயர் இசிடிஎஸ். அதில் ஒரு கல்வியாண்டு 60 கிரெடிட். நான்கு வருடம் 240. அப்படியானால் அண்ணா பல்கலையின் ஒரு கிரெடிட் 1.5 இசிடிஎஸ், ஐஐடியின் ஒரு கிரெடிட் 0.6. மொத்தம் சமமாகிவிட்டது. ஆனால் பாடம் பாடமாக மாற்றினால் சமமாக வருவதில்லை. மூன்று மணி நேரத் தியரிப் பாடம் அண்ணா பல்கலையிலிருந்து போனால் 4.5, ஐஐடியிலிருந்து போனால் 5.4. லேபில் நிலைமை தலைகீழ். நான்கு மணி நேர லேப் அண்ணா பல்கலையில் 2 கிரெடிட், அதாவது 3 இசிடிஎஸ். ஐஐடியில் வெளிநேரம் சேர்க்காத மூன்று மணி நேர லேப் 3 கிரெடிட், மாற்றினால் 1.8 மட்டும். மணிக்கணக்கில் பார்த்தாலும் லேபுக்கு அண்ணா பல்கலை 0.75, ஐஐடி 0.6.

அண்ணா பல்கலையில் லேபை ஒழுங்காகச் செய்கிற மாணவருக்கு சிஜிபிஏவில் (கிரெடிட் எடையோடு கணக்கிடும் சராசரி கிரேடு புள்ளி) கிடைக்கும் பலன் ஒப்பீட்டளவில் அதிகம் என்று இதற்கு அர்த்தம். லேப் மதிப்பெண்ணில் 100-க்கு 60 இன்டர்னல் (கல்லூரியே போடுவது) என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபில் ரெக்கார்டு நோட்டை நேரத்துக்கு முடித்துக் கையெழுத்து வாங்கும் மாணவர், தியரியில் கோட்டை விட்டதைக் கொஞ்சம் அங்கே ஈடுகட்டிவிடலாம். ஐஐடியில் அந்த வசதி குறைவு. இன்னொன்று: 2022 முதல் இணைப்புக் கல்லூரிகளில் முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’ ஒரு கிரெடிட் பாடம். சிஜிபிஏ கணக்கில் அது நான்கு மணி நேர லேபில் பாதி எடை. அலட்சியப்படுத்த வேண்டாம்.

சரி, தேர்ச்சிக்கு வருவோம். என் பார்வையில் உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, கிரெடிட் எண்ணிக்கையில் இல்லை.

அண்ணா பல்கலையில் தியரிக்கு 40 இன்டர்னல், 60 பல்கலைக்கழகத் தேர்வு. தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள்: தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்ந்து 50. ஒரு மாணவி இன்டர்னலில் 40-க்கு 36 வைத்திருக்கிறாள். தெர்மோடைனமிக்ஸ் தேர்வில் 100-க்கு 40 எடுக்கிறாள், அது 60-க்கு 24 ஆகிறது. மொத்தம் 60, ஆனாலும் அரியர்! தேர்வில் 27 வந்திருக்க வேண்டும். பக்கத்து பெஞ்ச் மாணவன் இன்டர்னலில் 18, தேர்வில் 100-க்கு 50. அதாவது 18-ம் 30-ம் சேர்ந்து 48. அவனுக்கும் அரியர். இன்டர்னல் நன்றாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று தெம்பாக இருப்பவர்கள் முதல் நிபந்தனையில்தான் மாட்டுகிறார்கள்.

ஐஐடியில் இப்படி வெளியிலிருந்து வரும் வினாத்தாள் கிடையாது. பாடம் நடத்துகிறவரே கேள்வி எடுக்கிறார், திருத்துகிறார், வகுப்பின் மதிப்பெண் பரவலைப் பார்த்து எஸ், ஏ, பி என்று கோடு போடுகிறார். ரெகுலேஷன் 2021 வந்தபோது அண்ணா பல்கலையிலும் பெரிய வகுப்புகளுக்கு ஒப்பீட்டு கிரேடிங் வந்துவிட்டது. ஆனால் அது தேறியவர்களுக்கிடையே கிரேடைப் பிரிக்க மட்டும். தேர்ச்சிக் கோடு அசையாது. வினாத்தாள் எவ்வளவு கடினமாக வந்தாலும் 45 என்றால் 45. எனக்கு இதில் ஐஐடி முறைதான் நியாயமாகப் படுகிறது. அதே சமயம், நூற்றுக்கணக்கான கல்லூரிகளை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் தேர்ச்சிக் கோட்டைக் கொடுத்துவிட முடியாது என்பதும் புரிகிறது.

வருகைப்பதிவில் எது கடுமை? பார்வைக்கு ஐஐடி: பாடத்துக்குப் பாடம் 85 சதவீதம். குறைந்தால் டபிள்யூ கிரேடு, அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். அண்ணா பல்கலையில் செமஸ்டருக்கு மொத்தமாக 75. மருத்துவம், விளையாட்டு போன்ற காரணம் இருந்தால் 65 வரை விலக்கு கிடைக்கும். தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? 65-க்குக் கீழே போனாலோ, தக்க காரணம் இல்லாமல் 75-க்குக் கீழே நின்றாலோ அந்த செமஸ்டரின் எந்தத் தேர்வையும் எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். ஐஐடி ஒரு பாடத்தைப் பறிக்கிறது என்றால், இங்கே ஒரு வருடமே போய்விடும். டைபாய்டு, டெங்கு என்று படுத்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

கால அளவில் அண்ணா பல்கலை தாராளம்: 14 செமஸ்டர், அதாவது ஏழு வருடம் வரை அரியரை எழுதி முடிக்கலாம். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்களுக்கு அங்கே வழி இருக்கிறது, ஐஐடியில் இல்லை. ஆனால் டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் 8.50 சிஜிபிஏவோடு எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். ஒரே ஒரு அரியர் விழுந்தால் 9 வைத்திருந்தாலும் டிஸ்டிங்ஷன் இல்லை. தக்க காரணம் இருந்தால் தேர்விலிருந்து முறைப்படி விலக ஒரு முறை அனுமதி உண்டு, அது முயற்சியாகக் கணக்கில் வராது. காய்ச்சலோடு போய் எழுதிக் கெடுத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். ஐஐடி பட்டத்தைப் பொறுத்தவரை பேசப்படுவது சிஜிபிஏ மட்டும்தான்.

அப்புறம், கூடுதல் 18 கிரெடிட். ரெகுலேஷன் 2021-இல் 7.5 சிஜிபிஏ உள்ளிட்ட நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்கள் ஐந்தாம் செமஸ்டரிலிருந்து ஆறு பாடங்கள் கூடுதலாக எடுத்து ஹானர்ஸ் அல்லது மைனர் வாங்கலாம். ஹானர்ஸுக்குச் சொந்தத் துறைப் பாடங்கள், மைனருக்கு வேறு துறைப் பாடங்கள். மேற்படிப்பு என்று முடிவு செய்தவருக்கு ஹானர்ஸ் நல்லது. டிரான்ஸ்கிரிப்டில் துறைப் பாடங்கள் கூடும். கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களைக் குறிவைத்துப் படிப்பவர் இரண்டையும் விட்டுவிடலாம். அங்கே முக்கியமாகப் பார்ப்பது கேட் மதிப்பெண்ணையும் பட்டம் எந்தத் துறை என்பதையும், மைனருக்கு மதிப்பில்லை. ஆறு பாடத்துக்கான நேரத்தை ரியாக்‌ஷன் இன்ஜினியரிங் கணக்குப் போடுவதில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். சாஃப்ட்வேர் பக்கம் தாவ நினைப்பவருக்கு மைனர் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க இன்னொரு இடம் இருக்கிறது. அங்கே நம் சிஜிபிஏவை பவேரியன் சூத்திரத்தில் போட்டு மாற்றுவார்கள்: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். எண் குறைவாக வந்தால் நல்லது. அண்ணா பல்கலையில் தேர்ச்சிக்கான கடைசி கிரேடு சி, 5 புள்ளி. ஐஐடி மெட்ராஸில் இ, 4 புள்ளி. இருவருமே 8.0 வைத்திருந்தால், அண்ணா பல்கலை மாணவருக்கு 2.2, ஐஐடி மாணவருக்கு 2.0. எண் ஒன்றுதான், ஆனால் தேர்ச்சிக் கோடு தாழ்வாக இருக்கும் இடத்திலிருந்து வருபவருக்கு முடிவு சாதகம். அதனால் விண்ணப்பத்தோடு ரெகுலேஷனின் கிரேடு அட்டவணைப் பக்கத்தையும், ஒவ்வொரு பாடத்தின் வார மணி நேரத்தைக் காட்டும் பாடத்திட்டப் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். வெறும் 3 கிரெடிட் என்று மட்டும் பார்க்கும் அலுவலர், அதன் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஊகிக்க மாட்டார்.