வாடிக்கையாளருக்கு ஹோஸ்டிங்: அஃபிலியேட் லிங்க்கா, ரீசெல்லரா?

வெப்சைட் செய்து தருபவர் ஹோஸ்டிங்கிலும் (தளத்தை வைக்கும் சர்வர் இடத்திலும்) காசு பார்க்க இரண்டு வழி. அஃபிலியேட் லிங்க், அதாவது விற்பனையை உங்கள் கணக்கில் சேர்க்கும் லிங்க், கொடுத்தால் வாடிக்கையாளர் நேரே கம்பெனியிடம் வாங்குவார். உங்களுக்குப் பெரும்பாலும் ஒருமுறை கமிஷன், அதுவும் ரீஃபண்ட் கெடு முடிந்த பிறகுதான். கைநழுவும் இடம் ஒன்று உண்டு: வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைப் போனில் தட்டிப் பார்ப்பார், மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேராகத் தளத்துக்குப் போய் வாங்குவார். உங்கள் லிங்க் வழியாக வந்தவர் என்று பிரவுசரில் பதியும் குறிப்பான குக்கீ போனோடு நின்றுவிடும், கமிஷன் பதியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிரவுசரில் வாங்க வைப்பதுதான் பாதுகாப்பு. உங்கள் கார்டில் மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். சொந்தக் கொள்முதல் என்று பல கம்பெனிகள் கமிஷனை ரத்து செய்துவிடும். கமிஷன் வருவதையும், புதுப்பிக்கும்போது விலை ஏறும் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் திட்டு உங்களுக்குத்தான்.

இரண்டாவது வழியான ரீசெல்லரில் கம்பெனியிடம் மொத்தமாக இடம் வாங்கி, டபிள்யூஎச்எம் என்ற நிர்வாக மென்பொருளில் ஆளுக்கொரு சிபேனல் (அவரவர் தளத்தைக் கையாளும் பேனல்) கணக்குப் பிரித்து, வருடாவருடம் நீங்களே பில் போடுவீர்கள். வரவு தொடரும், ‘மெயில் போகவில்லை’ என்ற ராத்திரி போனும் தொடரும். மாதக் கட்டணம் எப்படியும் கட்டியாக வேண்டும் என்பதால் நாலைந்து பேருக்காக இறங்கினால் கட்டுப்படியாகாது. இருபது பேர் சேர்ந்து, பேக்கப்பைத் தனி இடத்தில் எடுத்து வைக்கவும் ஆள் இருந்தால் சரி. எந்த வழியானாலும் டொமைன் (தள முகவரி) வாடிக்கையாளர் பெயரில், அவர் ஈமெயிலில் பதிவாகட்டும்.